பாலாமணியின் முழுக்கு

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஏழு மணியாகியும் உபதேசியார் வீட்டு அடுப்பு பற்றவில்லை.

ஹெப்சி கண் விழித்ததும் முதலில் கவனித்தது அதைத்தான். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே பனி உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அம்மா பாலாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஹெப்சிக்குத் தெரியும். ஒரு வெள்ளைச் சேலை, ஒரு துண்டு.

"காப்பி வெக்கலியாம்மா?"

"உபவாசம் கண்ணு. உனக்கும் அப்பாவுக்கும் ராகி மாவு கரைச்சு வெச்சிருக்கறேன். நீ பத்த வெச்சுக் காச்சிக்க."

பத்து மணிக்கு எமரால்டு அணைத் தண்ணீரில் அம்மா முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போகிறாள். நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு ஹெப்சி தூங்கவே இல்லை என்று சொல்லலாம்.

ஃபெர்ன்டேல் எஸ்டேட் ஃபேக்டரியின் சங்கு நின்று ஏழு மாதமாகிறது. பச்சை இலைக்கு விலை இல்லை என்று ஆனபின் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிப் போனார்கள். தொழிலாளர் லயங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. ஹெப்சியின் தம்பி லெஸ்லியும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு என்று பஸ் ஏறினான். தீபாவளிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தபால்கூட இல்லை.

அப்பா தனசிங் எஸ்டேட்டின் சி.எஸ்.ஐ. கோயிலுக்கு இருபத்தொரு வருடமாக உபதேசியார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஊட்டியிலிருந்து குருப்பட்டம் பெற்ற ஆயர் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவது தனசிங்தான். எண்பது குடும்பம் இருந்த சபையில் இப்போது பன்னிரண்டு குடும்பம்.

பாலாமணிக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. ஊட்டியில் ஹெப்சி டோக்கன் எழுதும் கிளினிக்கின் டாக்டர் டிசம்பரில் பார்த்துச் சொன்னார். மேடு ஏறக் கூடாது, குளிர் ஆகவே ஆகாது, கோயமுத்தூருக்குக் கொண்டு போய் ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"காதுல கம்மலைக் காணோம்," என்றாள் ஹெப்சி.

"கழட்டிட்டேன். முழுக்கு எடுத்தா நகை போடக் கூடாது. பீரோவுல இருக்குது. இனி உனக்குத்தான்."

"தாலியைக் கழட்டச் சொல்லலியா அந்த ஜெபக்கூட்டத்துக்காரங்க?"

"சொன்னாங்க. அது உங்கப்பா கட்டுனது, அவரக் கேக்காம கழட்ட மாட்டேன்னுட்டேன்."

"டாக்டர் சொன்னது நெனப்பு இருக்குதாம்மா? அந்தத் தண்ணியில எறங்குனா நெஞ்சு நின்னுரும்."

"நின்னா நிக்கட்டும்னு போகல கண்ணு. அப்படி நெனச்சுக்காத. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

"லெஸ்லி வரோணும்னு வேண்டுதலா?"

"பேரம் பேசப் போகல." பாலாமணி பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "கேத்தி கோயில்ல எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நான் தூங்கிட்டு இருந்தனாம். தண்ணி பட்டுங்கூட முழிக்கலியாம். எங்கம்மா அதப் பெருமையாச் சொல்லுவாங்க. பெரியவளாகித் திடப்படுத்தல் எடுத்ததுங்கூடக் கல்யாணத்துக்கோசரம். அதுக்கப்புறம் உபதேசியார் சம்சாரம். கோயில் கூட்டுனேன், பூ வெச்சேன், பாட்டுப் பாடுனேன். எதையும் கொறை சொல்லல. ஆனா நானா எந்திரிச்சு ஒரு தடவகூட ஆண்டவரு முன்னால போய் நின்னதில்ல. முழிச்சுட்டு இருக்கறப்ப ஒரு தடவ வாங்கோணும்."

ஹெப்சியின் கண்ணுக்குள் நின்றது, உடனே ஆபரேஷன் செய்யச் சொன்ன டிசம்பர் ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரிதான். ராகிக் கூழைக் காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

*

ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எஸ்டேட்டில் பிள்ளைக் காம்பரா என்று பெயர். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டு வந்த பெயர். பறிக்க ஆளில்லாமல் அது பூட்டப்பட்டபோது, ஃபேக்டரியில் பாய்லர் பார்த்த முத்துவேல் சாவியைக் கேட்டு வாங்கி அங்கே ஜெபக்கூட்டம் தொடங்கினார். வேலை போன இரண்டாவது மாதம் அவருக்குத் தரிசனம் கிடைத்தது என்பார்கள். இப்போது அவர் பாஸ்டர் முத்துவேல். புதன்கிழமைகளில் அந்த அறைக்குள் பெண்கள் வாய்விட்டு அழுவது சாலை வரைக்கும் கேட்கும்.

லெஸ்லியிடமிருந்து தபால் நின்றபின் பாலாமணி அங்கே போகத் தொடங்கினாள். கோயிலில் அப்படி அழ முடியாது. அங்கே எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்பதெல்லாம் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது.

ஹெப்சி போனபோது முத்துவேல் பின்புறம் ஒரு தகர டிரம்மில் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தெய்வம்மா கம்பளிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"முழுகி எந்திரிச்சவங்களுக்கு வெந்நி வேணுமில்ல பாப்பா. குளிரு கொல்லுது," என்றார் முத்துவேல்.

"அம்மாவுக்கு நெஞ்சு வியாதிங்க பாஸ்டர். வால்வு சுருங்கிருச்சு. அந்தத் தண்ணியில எறக்குனா திரும்ப வர மாட்டாங்க."

முத்துவேல் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். தெய்வம்மாவைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அக்கா எங்ககிட்ட சொல்லலியே."

"சொன்னா நீங்க மாட்டேம்பீங்கன்னு சொல்லலீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இங்கியே, இந்த வெந்நீர்ல, தலைமேல ரெண்டு செம்பு ஊத்தி ஜெபம் பண்ணிருங்க. அம்மா கேட்டுக்குவாங்க."

முத்துவேல் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"ரெண்டு செம்புல ஆகும்னா, உங்கப்பாவோட கோயில்ல மூணு சொட்டுலயே ஆயிருக்கும் பாப்பா. தெளிக்கறது ஞானஸ்நானம் இல்லன்னு நான்தான் இந்த ரூமுல நின்னுட்டுச் சொன்னேன். அத நம்பித்தான் பத்தொம்போது பேரு முழுகினாங்க. அதுல ஒருத்தர அவங்க அண்ணன் ஊட்டுக்குள்ளயே சேக்கறதில்ல. நாளைக்கு அந்த ஒருத்தரு வந்து என்னக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"அம்மா செத்துப் போனா என்ன சொல்லுவீங்க?"

அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் காரணம் என்று நினைக்க ஹெப்சிக்கு விருப்பமாக இருந்தது.

"ஜெபம் பண்ணிட்டு முடிவு பண்றேன் பாப்பா. நீ போ."

*

முடிவு பண்றேன் என்ற வார்த்தையை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள்.

தனசிங் மறுநாள் ஆராதனைக்காகச் சுவரிலிருந்த பலகையில் பாட்டு எண்களைச் செருகிக்கொண்டிருந்தார். மர அட்டைகளில் எழுதிய எண்கள். மகள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்ததைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது.

"அப்பா, அம்மா இன்னிக்கு முழுக்கு எடுக்கப் போறாங்க. பத்து மணிக்கு, டேம் தண்ணியில."

"யாரு சொன்னது?"

"அம்மாதானுங்க. நேத்து."

"நேத்தே உனக்குத் தெரியுமா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்குக் குடுத்துட்டனுங்க. இப்ப ஒடச்சுட்டு வந்திருக்கறேன். நீங்க போய்த் தடுங்க. உங்க பேச்சத்தான் கேப்பாங்க."

தனசிங் கையிலிருந்த அட்டையை மேசைமேல் வைத்தார். பாலாமணி பிள்ளைக் காம்பராவுக்குப் போவது அவருக்குத் தெரியும். புதன்கிழமை சாயங்காலங்களில் எதுவும் கேட்காமல் தானே தட்டெடுத்துச் சாப்பிட்டுவிடுவார். அழுது முடித்துத் திரும்பி வருவாள் என்று நினைத்திருந்தார்.

சட்டைப் பையில் ஆயரின் கடிதம் இருந்தது. போன வாரம் வந்தது. உபதேசியாரின் வீட்டார் வேறு கூட்டத்தில் மறு ஞானஸ்நானம் பெற்றால் அவர் அந்தப் பொறுப்பில் நீடிக்க இயலாது என்று, ஆயரின் கீழுள்ள சபைகளை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டி தீர்மானித்திருக்கிறது. வீட்டையும் ஒரு மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இந்தப் பஞ்சத்தில் மலைமேல் வேறு வேலை இல்லை, வேறு கூரையும் இல்லை.

ஆனால் அவரை அந்த நிமிடம் உலுக்கியது கடிதம் இல்லை. இந்த இருபத்தொரு வருடத்தில் எத்தனையோ குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்காகக் கோயிலின் கல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். கடவுள் முதலில் கையை நீட்டுகிறார், அதற்குப் பிள்ளை பேசத் தெரிய வேண்டியதில்லை என்று அவர் முழுதாக நம்பினார். அந்தக் கை நீண்டது போதாது என்று இன்னொரு முறை கேட்பது அவருக்குத் துரோகமாகப் பட்டது. அதைத் தன் வீட்டுக்காரியே செய்யப் போகிறாள்.

"வா," என்றார். கோட்டை மாட்டிக்கொண்டார்.

வீட்டில் பாலாமணி இல்லை. அடுப்படியில் கூழ் மூடியபடி இருந்தது.

*

குறுக்கு வழியில் தேயிலைச் சரிவில் இறங்கினார்கள். உறைபனியில் செடிகள் கருகிப் பழுப்பாக நின்றன. கவாத்து செய்ய ஆளில்லாமல் சில செடிகள் மார்பளவு வளர்ந்து வழியை மறித்தன. தனசிங் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

கீழே தண்ணீரண்டையில் பதினைந்து பேர் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு பாட்டு நின்றது.

முத்துவேல் பாலாமணியின் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவருடைய ஜெபத்துக்கு அந்த முடிவுதான் கிடைத்திருந்தது.

"இன்னிக்கு வேண்டாம் அக்கா. நெஞ்சு வியாதிய எங்கிட்ட மறச்சுட்டீங்களே."

"சொல்லியிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல."

"சித்திரை வரட்டும். வெயில் வந்தரட்டும். அப்பப் பாக்கலாம்."

"சித்திரைக்கு நான் இருக்கறனோ இல்லியோ," என்றாள் பாலாமணி.

அவள் கோபப்படவில்லை. எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். செருப்பைக் கரையில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தாள். பிறகு தானாகவே தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். தெய்வம்மா எட்டிப் பிடித்தது முந்தானையின் நுனியைத்தான். அதுவும் கையிலிருந்து நழுவிப் போனது.

தனசிங்கும் ஹெப்சியும் கரைக்கு வந்து சேர்ந்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில், எதிர்க்கரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். இரண்டு கைகளும் நெஞ்சை அணைத்திருந்தன. முதுகு நடுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது.

தனசிங் பூட்ஸோடும் கோட்டோடும் இறங்கினார். முழங்காலளவு தண்ணீர் வரைக்கும் குளிர் வலித்தது. அதற்குமேல் கால் இருப்பதே தெரியவில்லை.

"பாலா. ஊட்டுக்குப் போலாம் வா."

அவள் திரும்பினாள். உதடு நீலம் பூத்திருந்தது.

"ஏனுங்க. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்ல. வா."

"ஆயரு எழுதுன காயிதத்தப் பாத்தனுங்க. சட்டை தொவைக்கறப்ப. உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் வந்திருக்கறேன். அதுக்கு நீங்க என்ன மன்னிக்கோணும்."

"அதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். உனக்கு ஒருக்காக் குடுத்தாச்சு பாலா. மறுபடி கேட்டா, ஆண்டவரு குடுத்தது பத்தலைன்னு சொல்ற மாதிரி ஆயிரும்."

"நான் தூங்கிட்டு இருந்தனுங்க."

"நீ தூங்குனா என்ன? அவரு முழிச்சுட்டு இருந்தாரில்ல."

பாலாமணி அவரையே பார்த்தாள். பேச மூச்சு போதவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது.

"தெரியுமுங்க. இருபத்தஞ்சு வருஷமா நீங்க சொல்லித்தான் நம்பிட்டு இருக்கறேன். இப்ப நானும் முழிச்சுட்டேன்னு அவருகிட்ட சொல்லோணும். அவ்வளவுதானுங்க."

தனசிங் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் கால்கள் சேற்றில் ஊன்றியிருந்தன, வரவில்லை. விரல்களுக்கு அடியில் அவளுடைய நாடி தாறுமாறாக ஓடியது. இன்னும் பலமாக இழுத்தால் விழுந்துவிடுவாள். இழுத்துக் கரையேற்றினாலும் நாளைக்கோ மறுநாளோ யாருக்கும் சொல்லாமல் தனியாக வந்து இறங்குவாள். அவளோடு குடித்தனம் செய்தவருக்கு அது தெரியும். பேசப் பேசக் குளிர் ஏறிக்கொண்டே இருந்தது.

அவர் கரையைப் பார்த்துத் திரும்பினார்.

"முத்துவேலு, வாங்க. சீக்கிரம் வாங்க. நான் புடிச்சுக்கறேன்."

"உபதேசியாரே..."

"வார்த்தை நான் சொல்ல மாட்டேன். அது உங்க காரியம். நான் என்ற சம்சாரத்தப் புடிச்சுக்கறேன். நிக்க நிக்க அவளுக்கு ஆகாது. வாங்க."

"வேண்டாமுங்கப்பா," என்றாள் ஹெப்சி. அவர் திரும்பவில்லை. "அப்பா, வேண்டாமுங்க." தண்ணீருக்குள் ஓடப் போனவளைத் தெய்வம்மா பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முத்துவேல் ஓடி வந்து இறங்கினார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் தனசிங். பாலாமணியின் பிடரிக்கு அடியில் தனசிங்கின் கை. முத்துவேல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமங்களையும் சொன்னார். தண்ணீர் அவள் முகத்தின்மேல் மூடியது. கணப்பொழுதுதான். தனசிங் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கரையிலிருந்தவர்கள் ஆமென் சொன்னபோது அவர் சொல்லவில்லை.

தூக்கி நிறுத்தினார்கள். பாலாமணி வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது.

"ஆச்சுங்களா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"ஆச்சு," என்றார் அவர்.

கரைக்குப் பத்தடி இருக்கும்போது அவள் முழங்கால்கள் மடிந்தன.

*

பிள்ளைக் காம்பராவில் காய்ந்த வெந்நீருக்கு வேலையே இல்லாமல் போனது. கம்பளிகளால் சுற்றியும் நடுக்கம் நிற்கவில்லை. மூச்சோடு சேர்ந்து கொரகொரவென்று ஒரு சத்தம். வாயோரத்தில் இளஞ்சிவப்பாக நுரை கட்டியதைப் பார்த்ததும் ஹெப்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கிளினிக்கில் ஒரே ஒரு முறை அதைப் பார்த்திருக்கிறாள். அந்த நோயாளி ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் தாங்கவில்லை.

"படுக்க வெக்காதீங்க. உக்கார வெச்சே தூக்குங்க," என்று கத்தினாள்.

முத்துவேல் சாலையின் நடுவே போய் நின்று, கேரட் மூட்டை ஏற்றி வந்த ஒரு பிக்கப்பை மறித்தார். டிரைவர் ஒரு படுகர். ஒரு பார்வை பார்த்தவர் பேசாமல் பின்கதவைத் திறந்து, ஆறு மூட்டைகளை ரோட்டோரம் உருட்டித் தள்ளினார். மிச்ச மூட்டைகளின்மேல் பாலாமணியைச் சாய்த்து உட்கார வைத்து, இருபுறமும் அப்பாவும் மகளும் அணைத்துக்கொண்டார்கள். இத்தலார் வழியாக ஊட்டி. ஒவ்வொரு வளைவிலும் ஹெப்சி அம்மாவின் காதருகில் பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். நீர் வடிந்தால் கோயமுத்தூருக்கு அனுப்பலாம், இப்போது மலை இறங்கினால் வழியிலேயே உயிர் போய்விடும். "இன்னும் நாலஞ்சு மணி நேரம் போகோணும். அதுக்கு முன்னால நான் எதையும் சொல்ல முடியாதுங்க."

வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் தனசிங் உட்கார்ந்தார். வேட்டியிலிருந்து சொட்டிய நீர் தரையில் தேங்கியது. ஹெப்சி எதிர்ச் சுவரோரமாக நின்றாள். வெளியே படிக்கட்டில் முத்துவேல் ஈரத்துணியோடு முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

மதியம் தாண்டித்தான் ஹெப்சி வாயைத் திறந்தாள்.

"நீங்க தடுப்பீங்கன்னுதானுங்க உங்ககிட்ட சொன்னேன். அம்மாவுக்குக் குடுத்த வாக்க ஒடச்சுட்டு வந்து சொன்னேன்."

"தெரியும் கண்ணு."

"பாஸ்டரே மாட்டேன்னுட்டாரு. அவரே வேண்டாம்னு சொன்னாரு. நீங்கதான் அவரக் கூப்பிட்டீங்க."

"ஆமா."

"இழுத்துட்டு வந்திருக்கலாமில்ல."

"இழுத்தேன். வரல."

"தூக்கிட்டு வந்திருக்கலாமில்லீங்கப்பா."

தனசிங் தன் கைகளைப் பார்த்தார். தூக்கியிருக்கலாம்தான். கடைசியில் தூக்கித்தானே வந்தார். ஹெப்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

நாலு மணிக்கு ஆயர் வந்தார். சனிக்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்க அவர் வருவது வழக்கம். கையில் சிறிய கறுப்புத் தோல்பை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நற்கருணை கொடுப்பதற்கான அப்பமும் கிண்ணமும் அதில் இருக்கும். எமரால்டில் நடந்தது அதற்குள் அவருக்குப் போனில் வந்துவிட்டது என்று முகமே சொன்னது. தனசிங்கைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் இல்லை. ஈர வேட்டியைப் பார்த்ததும் தன் சால்வையைக் கழற்றி உபதேசியாரின் தோளில் போட்டுவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"சொல்ல முடியாதுங்கறாங்க ஐயா."

ஆயர் வார்டுக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கமிட்டிக்காரங்க மூணு பேரு எனக்குப் போன் பண்ணிட்டாங்க. நீங்களும் தண்ணியில எறங்குனீங்களாமே."

"எறங்குனனுங்க."

"அவங்க முழுகிறாம இருக்கக் காப்பாத்தத்தான் எறங்குனீங்க. அப்படித்தானே? புருஷன் பொண்டாட்டியக் காப்பாத்தப் போறது எந்தச் சபையிலயும் குத்தம் இல்ல. அத ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன். வேலையும் இருக்கும், வீடும் இருக்கும்."

தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். உண்மையான கரிசனத்தோடுதான் நீட்டினார்.

ஹெப்சி திரும்பிப் பார்த்தாள். அப்பா பேனாவை வாங்கினார். தாளை முழங்கால்மேல் வைத்தார். அம்மா பிழைத்தால் அவளைக் கிடத்த ஒரு கூரை வேண்டும், ஆபரேஷனுக்கு யாரையாவது கேட்பதற்குச் சபை என்று ஒன்று பின்னால் வேண்டும். எழுதுங்கப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள். காலையிலிருந்து அவர்மேல் இருந்த ஆத்திரம் அப்படியே இருக்க, இதையும் சேர்த்துக் கெஞ்சினாள்.

தனசிங் பேனாவை மூடி, தாளோடு திருப்பிக் கொடுத்தார்.

"இழுத்துட்டு வரத்தான் எறங்குனனுங்க ஐயா. அது நெசம். ஆனா அப்புறம் நான்தான் முத்துவேலக் கூப்பிட்டேன். நான்தான் புடிச்சுட்டு இருந்தேன். அத விட்டுட்டு எழுதுனா பொய்யாப் போயிரும்."

"நீங்க அத நம்புறீங்களா? அந்த முழுக்கு ஞானஸ்நானத்த?"

"இல்லீங்க. கேத்தியில குடுத்ததுதான் அவளுக்கு ஞானஸ்நானம். இன்னிக்கு நடந்தது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா அவ பொய் சொல்லலீங்க. எனக்கு அது நல்லாத் தெரிஞ்சுது."

ஆயர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப நான் வேற மாதிரிதான் எழுதியாகணும் உபதேசியாரே."

"எழுதுங்கய்யா."

அந்த நேரத்தில் நர்ஸ் வார்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "ஆயர் வந்திருக்காருன்னு நான்தான் அம்மாகிட்ட சொன்னேன். அவங்க மாஸ்க்கத் தள்ளித் தள்ளி விட்டுட்டுப் பேசறாங்க. நற்கருணை வேணுமாம். சீக்கிரம் வாங்க, ரொம்ப நேரம் பேச விட முடியாது."

ஆயரின் கை தோல்பையின்மேல் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"காலையில எங்க ஞானஸ்நானம் பத்தாதுன்னு சொல்லிட்டுப் போனவங்க," என்றார் மெதுவாக. கோபமில்லை, உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டார். "இப்ப எங்க பந்தியில இருந்து கேக்கறாங்க. நான் அவங்கள எந்தச் சபையாரா நெனச்சுக் குடுக்கறது?"

தனசிங் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சி சுவரை விட்டு விலகி வந்தாள்.

"அத அம்மாகிட்டயே கேளுங்கய்யா. மூச்சு இருக்கறப்பவே போய்க் கேளுங்க."

ஆயர் அவளைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலைச் சுற்றியிருந்த பச்சைத் திரை அவருக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

ஹெப்சியும் தனசிங்கும் வார்டு வாசலில் நின்றார்கள். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடைவெளி இருந்தது. திரைக்குள் பாலாமணியின் குரல் கேட்டது. ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, இன்னொரு வார்த்தை. என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. ஆயர் இடையில் ஒரு முறை ஏதோ கேட்டார். அவள் சொன்ன பதில் நீண்டது. பிறகு குரல் நின்றது.

நர்ஸ் திரைக்குள் ஓடினாள்.

தனசிங்கின் கை தானாக நீண்டு மகளின் தோளைப் பற்றியது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

திரை விலகியது. ஆயர் வெளியே வந்து நின்றார். கையில் பை இல்லை; அது கட்டிலருகே திறந்திருந்தது. கண் கலங்கியிருந்தது. அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்றார். "வெளிய படிக்கட்டுல ஒருத்தர் உக்காந்திருக்காராமே, அவரையும் கூப்பிடச் சொல்றாங்க அம்மா."